மாநிலம் முழுக்கப் பஞ்சு

சரக்குக்கு வழி சொல்வதுதான் அவளுடைய வேலை. மாநிலத்தில் எந்தப் பொருள் எங்கிருந்து கிளம்புகிறது, எங்கே போய்ச் சேருகிறது, அதை லாரியில் அனுப்புவதா, ரயிலில் ஏற்றுவதா, ஆற்றில் படகில் விடுவதா என்று திட்டம் போடுகிற அலுவலகத்தில் அவளுக்கு மூன்றாம் மாடியில் ஓர் அறை. ஒரு சுவர் முழுக்க வரைபடம். சாலைக்குச் சிவப்புக் கோடு, ரயிலுக்குக் கறுப்பு, ஆற்றுக்கு நீலம். அலுவலகத்தில் அவள் பெயரே மேப் மேடம். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்ப்பாள்.

வீட்டிலும் அதே புத்திதான். அலமாரியில் எந்த டப்பா எந்த வரிசையில் நிற்க வேண்டும், எது எந்தப் பக்கமாக வெளியே வர வேண்டும் என்பதற்கெல்லாம் சட்டம் உண்டு. "உப்பை எடுக்கணும்னா கூட நான் உங்க அம்மாகிட்ட அனுமதி வாங்கணும்" என்று அவள் வீட்டுக்காரர் மகளிடம் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே வரிசையில்தான் திருப்பி வைப்பார். அது வேறு கதை.

அவள் மனதில் வெகுநாளாக ஒரே ஆசை. சிமென்ட், கல், உரம் போன்ற கனமான சரக்குக்கு அவசரம் கிடையாது. அதையெல்லாம் லாரியில் மாநிலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சாலையைப் பெயர்ப்பானேன்? தூரத்துக்கு ரயில், ஆறு இருக்கிற இடத்தில் படகு, இறங்கிய இடத்திலிருந்து கடை வாசல் வரைக்கும் லாரி. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? நல்லதைச் சொன்னால் உலகம் உடனே தலையாட்டிவிடுமா என்ன. அவளுக்கு எதிராளி வெளியில் இல்லை, கூடப் பிறந்தவன். அண்ணனுக்குச் சொந்தமாக இரண்டு லாரி. ஒன்றை அவனே ஓட்டுவான். லாரிக்காரர் சங்கத்துக்குத் தலைவனும் அவன்தான்.

திட்டம் எழுதுவதற்கு முன்னால் கணக்கெடுப்பு நடந்தது. செக்போஸ்டுகளில் ஆட்களை நிறுத்தி, போகிற லாரியை எல்லாம் மறித்து, என்ன சரக்கு, எங்கிருந்து, எங்கே என்று கேட்டார்கள். தார்ப்பாயைத் தூக்கி யாரும் பார்க்கவில்லை. வாயால் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். கணக்கு வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மாநிலம் முழுக்கப் பஞ்சு! வடக்கேயிருந்து தெற்கே பஞ்சு, கிழக்கேயிருந்து மேற்கே பஞ்சு. இத்தனை பஞ்சா என்று ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கோடு போடுகிற கை நிற்குமா? படகுத்துறை ஓரத்தில் ஈரம் புகாத பஞ்சுக் கிடங்கு ஒன்று, அதற்குத் தனியாகத் தண்டவாளம், தீ அணைக்கக் குழாய் என்று அழகழகாக வரைந்து எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள்.

பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார்.

"ஏம்மா, நம்ம மாநிலத்துல பஞ்சு எங்கம்மா விளையுது?"

விளைவதே இல்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் காகிதத்தில் கிடங்கு கட்டியிருக்கிறாள்.

"மாசக் கடைசிக்குள்ள சரியான கணக்கு வரணும். வரலைன்னா திட்டத்துலேர்ந்து ரயில், படகு ரெண்டையும் தூக்கிடுங்க. சாலையை அகலப்படுத்திட்டுப் போயிடுவோம்" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார்.

அவள் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். வாசலை அடைத்துக்கொண்டு லாரி நிற்கும். அதனால் அந்த வீட்டு முன்னறையில் பட்டப்பகலிலும் விளக்கு எரியும். அண்ணன் சட்டை போடாமல் உட்கார்ந்து டீ ஆற்றிக்கொண்டிருந்தான்.

"வாங்க மேடம். ரயில்ல வந்தீங்களா, படகுலயா?"

"நடந்துதான் வந்தேன். உன் லாரி தெருவையே அடைச்சுக்கிட்டு நிக்குது, வேற எப்படி வர்றது? அண்ணா, செக்போஸ்ட்ல கேட்டப்போ என்ன சரக்குன்னு சொன்னே?"

"பஞ்சு."

"வண்டில என்ன இருந்துச்சு?"

"சிமென்ட்."

அடுப்படியிலிருந்து அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்டது.

"சிமென்ட்டுன்னு சொன்னா அதை ரயிலுக்குத் தூக்கிக் குடுத்துடுவே. எனக்குத் தெரியாதா உன்னை? அதான் சங்கத்துல எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சேன். பஞ்சுன்னு சொல்லுங்கடா, வேணும்னா பஞ்சை எடுத்துக்கிட்டுப் போகட்டும்னு."

"அதுக்காக எல்லாருமா பஞ்சுன்னு சொல்றது? ஒருத்தர் உரம், ஒருத்தர் மரம்னு மாத்திச் சொல்லக் கூடாதா?"

"உரம்னு சொன்னா உரம் ஏத்துறவன் என் சட்டையைப் பிடிப்பான். மரம்னா மரக்காரன் பிடிப்பான். பஞ்சு ஏத்துறவன்தான் நம்ம சங்கத்துல ஒருத்தனும் இல்ல."

அழ வந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, நடந்ததை எல்லாம் சொன்னாள். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"சரி. உண்மையைச் சொல்லச் சொல்றேன். ரயில்லேர்ந்து இறங்குற சரக்கைக் கடைக்குக் கொண்டுபோற ஓட்டம் எங்க சங்கத்துக்குத்தான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

"மாட்டேன்."

"கூடப்பிறந்தவன் கேக்குறேன்டி."

"யாரு கேட்டாலும் மாட்டேன். திட்டத்துல எழுதுவேன். மேல இருக்கிறவங்க வெட்டினா சண்டை போடுவேன். அதுக்கு மேல என் கையில இல்ல. இல்லாததை இருக்குன்னு கையெழுத்துப் போட்டா, அதுவும் உன் பஞ்சு மாதிரிதான்."

அண்ணி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள். "இவ பொய் சொல்ல மாட்டேங்கிறா, நீங்க உண்மை சொல்ல மாட்டேங்கிறீங்க. ரெண்டு பேரும் ஒரே வயித்துலதான் பொறந்தீங்களா?"

அண்ணன் டம்ளரை மறுபடியும் கையில் எடுத்தான். "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னான். அவன் பார்க்கலாம் என்றால் மழை மாதிரி, வந்தாலும் வரும், வராமலும் போகும்.

மறுபடி கணக்கெடுப்பு. இந்தத் தடவை கணக்கெடுப்பவர்கள் போடுகிற பச்சைச் சட்டையை அவளே மாட்டிக்கொண்டு செக்போஸ்டில் நின்றாள். புதிதாகச் சில கேள்விகளும் சேர்த்திருந்தாள். முதலில் வந்த ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். "தலைவர் பின்னாடி வர்றாரும்மா. அவர் சொல்லட்டும், அப்புறம் நான் சொல்றேன்" என்று ஓரம் கட்டிவிட்டார். அடுத்தவரும் ஓரம் கட்டினார். அப்படியே ஒவ்வொன்றாகச் சேர்ந்து சாலையோரம் முழுக்க லாரி. ஊசி இடம் கொடுத்தால்தானே நூல் நுழையும்?

அண்ணனுடைய லாரி வந்தது. பக்கத்து இருக்கையில் அண்ணி. "இவர் என்ன சொல்றார்னு பார்க்கத்தான் நானும் வந்தேன்" என்றாள்.

"என்ன சரக்கு?" தங்கை முன்பின் தெரியாதவரைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

அண்ணன் அவளைப் பார்த்தான். ஓரம் கட்டி நின்றவர்களைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான்.

"சிமென்ட்."

எங்கிருந்து, எங்கே என்பதையும் சொன்னான். அவள் எழுதிக்கொண்டாள். "திரும்பி வரும்போது?"

"அதையுமா கேப்பாங்க?"

"கேப்பாங்க."

"ஏதாவது கிடைக்கும்."

"கிடைக்குதா?"

அண்ணன் இன்ஜினை அணைத்தான். லாரிக்காரனுக்கு அதைச் சொல்வதைவிட நாக்கைக் கடித்துக்கொள்வது மேல். "காலி" என்றான். "முக்கால்வாசி நாள் காலியாத்தான் வர்றேன்."

"காலியா?" அண்ணி திரும்பினாள். "போக வர லோடு, மூச்சு விட நேரமில்லைன்னு சொன்னீங்களே!"

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

"இங்கேயே பேசலாம். நல்லாக் கேக்குது."

இதற்குள் ஓரத்தில் நின்றவர்களில் ஒருவர் குரல் கொடுத்தார். "தலைவர் உண்மையைச் சொல்லிட்டாரு!" அவ்வளவுதான், மடை திறந்தது. சிமென்ட், கல், உரம், மரம், காலி, காலி, காலி. சரக்கோடு நிறுத்தினார்களா? முழங்கால் வலி, டயர் தேய்ந்தது, சம்பந்தி வீட்டுச் சண்டை வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். அவள் பாதியை எழுதவில்லை.

புதுக் கணக்கைப் பார்த்த பெரிய அதிகாரி, "இத்தனை வண்டி காலியாத் திரும்புதா?" என்று வாய் பிளந்தார். தூரத்துச் சரக்கை ரயிலுக்கும் படகுக்கும் விட்டுவிட்டு, லாரிகளைப் பக்கத்து ஓட்டத்தில் போகவர நிரப்பலாம் என்று அவள் விளக்கினாள். உள்ளூர் லாரிச் சங்கங்களுக்கு முன்னுரிமை என்ற வரியின் மேல் அவர் பேனா சற்று நேரம் நின்றது. பிறகு மூடிக்கொண்டது. "இருக்கட்டும்" என்றார்.

அவள் படியிறங்கும்போதே அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அப்போ என் தூரத்து லோடு போச்சா?"

"போச்சு. பக்கத்து லோடு எழுதியிருக்கேன். வெட்டலை."

"அப்போ ரயில் யார்டுல லோடு ஏத்த முதல் இடம் எனக்குத்தான்" என்றான்.

"முதல்ல வர்றவங்களுக்கு முதல் இடம்."

"தங்கச்சின்னு ஒருத்தி இருந்து என்ன பிரயோஜனம்!" என்று போனை வைத்தான். வைத்த கையோடு டேப்பை எடுத்துக்கொண்டு, தன் லாரியை எங்கே நிறுத்தலாம் என்று ரயில் யார்டை அளக்கக் கிளம்பிவிட்டான். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க அண்ணியும் கூடப் போனாள்.