நந்தியாவட்டைப் புழுவின் பெயர்

கந்தசஷ்டி விரதம் தொடங்கிய அன்று காலையில்தான் எங்கள் கொக்குவில் வீட்டு நந்தியாவட்டையில் அதைக் கண்டேன். என் நடுவிரல் தடிப்பில் ஒரு புழு. பச்சை நிறம், வால் பக்கம் ஒரு சின்னக் கொம்பு. கிட்டப் போனதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கழுத்தடியில் இரண்டு நீலக் கண்களைக் காட்டி முறைத்தது. எனக்கும் முறைக்கத் தெரியும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

"பிள்ளை, செருப்பைக் காலிலை போடு." பூத்தட்டுடன் பின்னால் நின்றார் என் கணவரின் தாய், மாமி. "விரத நாளிலை இந்த வளவுக்கை ஒரு சீவனும் சாகப்படாது."

அந்த மரம் என் மாமனார் நட்டது. அவர் காலமான நாளிலிருந்து மாமி அதன் பூவைத்தான் சாமியறை முருகனுக்கு வைக்கிறார். வேறு வீட்டுப் பூவென்றால் தட்டில் எடுக்கவே மாட்டார். நானோ புரட்டாசியில் கிளைகளையெல்லாம் வெட்டிவிட்டிருந்தேன். மழைக்குத் துளிர்த்திருந்த கொஞ்சத்தையும் இது மொட்டோடு மென்றுகொண்டிருந்தது. இந்தப் போக்கில் போனால் ஆறாம் நாள் சூரன்போருக்கு ஒரு பூ மிஞ்சாது.

"கொல்லாட்டிலும் உது ஆரெண்டாவது பாரன். கடிக்குமோ?" என்றார் மாமி.

படம் எடுத்து ஃபோனில் தேடினேன். முதலில் அது பாம்பு என்றது. மாமியிடம் நான் மூச்சுவிடவில்லை. சொந்தக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பிரான்சிலிருக்கும் சித்தப்பா, என்னவென்று கேளாமலே உடனே மருந்தடிக்கச் சொன்னார். பிறகு பக்கவாட்டில் இன்னொரு படம் எடுத்துத் தேடியபோதுதான் சரியான ஆள் அகப்பட்டது. இரவில் விளக்கைச் சுற்றுகிற பெரிய பச்சை விட்டில் ஒன்றின் புழு. நீலக் கண் வெறும் வெருட்டு, உண்மைத் தலை அதற்குக் கீழே சின்னதாக இருக்கிறது. கடிக்காது. நந்தியாவட்டையை விட்டால் அலரி இலையும் தின்னும்.

"அப்ப முன்வீட்டு அலரியிலை கொண்டுபோய் விடுவம், மாமி."

"சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆளை எழுப்புறதோ?"

பகல் முழுக்கத் தண்ணீரும் இரவில் பாலும் பழமுமாக இருந்த மனுஷி, அது தின்பதைத் தினமும் நின்று பார்த்தார். "இண்டைக்கு முருகனுக்கும் கொஞ்சம் மிச்சம் வைச்சிருக்கிறார்," என்பார். மரத்தைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். மாமியைப் பார்த்தால் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருக்கும்.

சூரன்போர் அன்று காலை மிஞ்சியது ஒரேயொரு பூ. அதுவும் ஓரம் கடிபட்டிருந்தது. எச்சில் பட்டது சாமிக்கு ஆகாது. மாமி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி, முருகனுக்கு இரண்டு செவ்வரத்தம்பூ வாங்குவித்தார். கடிபட்டதை மாமாவின் படத்தடியில் வைத்தார்.

"அவர் ஒண்டும் சொல்லமாட்டார்," என்றார்.

மறுநாள் விடியற்காலை, விரதம் முடிக்கும் பாறணைச் சமையலை முடித்து, மாமிக்கு இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இத்தனை நாள் பட்டினி கிடந்தவர் டோர்ச் வெளிச்சத்தில் நந்தியாவட்டையைக் கிளை கிளையாகத் தேடிக்கொண்டு நின்றார்.

"ஆளைக் காணேல்லை, பிள்ளை. காகம் கொத்திப்போட்டுதோ?"

குனிந்து சருகைக் கிளறினேன். அங்கேதான் கிடந்தது. நிறம் மண்ணாக மாறி, உடம்பு சுருங்கிப்போயிருந்தது. செத்துவிட்டதென்று மாமியின் முகம் வாடியது. ஃபோனில் படித்ததைச் சொன்னேன்: கூட்டுப்புழுவாகப் போகிறது, இனிச் செட்டை முளைத்து விட்டிலாகத்தான் எழும்பும்.

"அதுவரைக்கும் என்னத்தைத் தின்னும்?"

"ஒண்டும் தின்னாது, மாமி."

"பாவம். உவருக்கு இப்பத்தான் விரதம் துவங்குது," என்றார் மாமி. கிளறிய சருகைத் தன் கையாலேயே மூடிவிட்டு, உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தார்.

விடிந்தால் முற்றத்தில் ஒரு சருகு கிடக்க விடாதவர் அவர். அடுத்த நாள் காலை நான் எழும்பி வந்தபோது முற்றம் முழுக்க விளக்குமாற்றுக் கோடு. நந்தியாவட்டையின் கீழே மட்டும் ஒரு வட்டம் கூட்டாமல் கிடந்தது.