அக்கா பெயரில் மூடிய புகார்கள்

பகலில் அவர் ஒரு கல்லூரி நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்குபவர். மற்ற நேரங்களில் இன்னொரு வேலை: நூலகங்களுக்கான ஒரு மென்பொருளின் பிழைப் புகார்களையும் விவாதக் குழுவையும் கவனிப்பது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளக்கூடிய மென்பொருள் அது. குழுவில் எல்லோருக்கும் அவர் அக்கா.

"சம்பளம்தான் இல்ல, லீவாவது உண்டா?" என்பார் கணவர்.

திட்டு வாங்குவதில் அக்கா கெட்டிக்காரர். ஒருவர் கொதித்துக்கொண்டு வந்தால், "எந்தத் திரையில, எதை அமுக்கினப்போ?" என்று கேட்பார். கொதித்தவர் படமெடுத்து அனுப்புவார். இறந்துபோன வாசகரிடம் புத்தகத்தைத் திருப்பிக் கேட்டுக் குறுஞ்செய்தி போனது தெரியவந்தது அப்படித்தான். சரிசெய்த பிறகும், புகார் கொடுத்தவரிடம் "இப்போ வரலையே?" என்று கேட்காமல் எந்தப் புகாரையும் 'முடிந்தது' என்று மூடமாட்டார்.

மகளின் பிரசவத்துக்குக் கிளம்பியபோது, பாதியில் நின்ற உரையாடல்களைத் தொடரச் சொல்லித் தன் கடவுச்சொல்லை அண்ணனிடம் கொடுத்தார். அந்த மென்பொருளை எழுதியவரைக் குழுவே அப்படித்தான் அழைக்கும்.

திரும்பி வந்து பார்த்தால், எல்லாப் புகார்களும் மூடிக் கிடந்தன. ஒவ்வொன்றின் கீழும் அக்கா பெயரில் ஒரே வரி: சரிசெய்யப்பட்டது.

"ஒரு வார்த்தை கேக்காம மூடிட்டீங்களே அக்கா. இங்க இன்னும் அப்படியேதான் இருக்கு," என்று பலரும் எழுதியிருந்தார்கள்.

அண்ணனைத் தொலைபேசியில் பிடித்தார்.

"நீங்களா அண்ணா மூடினீங்க?"

"பெரிய கம்பெனி ஒண்ணு கூட்டு சேர வருதும்மா. இத்தனை புகார் திறந்து கிடந்தா என்ன நினைப்பாங்க?"

"உங்க பேர்லயே மூடியிருக்கலாமே."

"நான் மூடினா சண்டைக்கு வருவாங்க. உன் பேருன்னா நம்பிடுவாங்க."

அக்கா போனை வைத்தார். புகார்களை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றிலும் எழுதினார்: "இதை நான் மூடவில்லை."

பாதிகூடத் தாண்டவில்லை. திறக்கும் பொத்தான் திரையிலிருந்து காணாமல் போனது. குழுவில் எழுதிப் பார்த்தார், போகவில்லை. படிக்க மட்டும்தான் விட்டிருந்தார்கள்.

சற்று நேரத்தில் குழுவில் அண்ணனின் அறிவிப்பு வந்தது: "அக்காவுக்கு உடம்பு சரியில்லை. குழப்பத்தில் பழைய புகார்களைத் திறந்துவிட்டார். கொஞ்ச நாள் ஓய்வெடுக்கட்டும்."

அதன் கீழே செய்திகள் குவிந்தன. "உடம்பைப் பாத்துக்கோங்க அக்கா." "சீக்கிரம் குணமாகி வாங்க." கேட்காமல் மூடியதற்குத் திட்டியவர்களும் அதில் இருந்தார்கள்.