பைலட் மாமாவின் நாலு விரல்

எங்கள் குடும்பத்தில் ஒரு பைலட் இருந்தார். அம்மாவுக்கு அண்ணன், எனக்குப் பெரிய மாமா. கடற்படையில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்து, ரேணிகுண்டாவில் ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் மேஸ்திரியாக வேலை பார்த்தார். விமானம் ஓட்டியவர் ஏன் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார் என்று எங்கள் புத்தூரில் யாரும் கேட்டதில்லை. பத்து வயதில் எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அவர் வாயால் ஒருநாளும் தம்மைப் பைலட் என்று சொல்லிக்கொண்டதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பெண் தேடியபோது, ‘ஏரோப்ளேன்ல வேலை’ என்றுதான் தரகர் சொன்னாராம். பலமனேரில் இருந்த பெண் வீட்டுக்கு அது போய்ச் சேர்வதற்குள் பைலட் ஆகிவிட்டது. மாமா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அப்படியே இருபது வருடத்துக்கு மேல் கடத்திவிட்டார்.

அவரை வம்பில் மாட்டிவிட்டது நானும் என் அக்காவும்தான். அக்கா அப்போது திருப்பதியில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள். படித்தது கொஞ்சம், கம்ப்யூட்டரில் விமானம் செய்ததுதான் அதிகம். விமானம் ஓட்டுவதுபோன்ற கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்று உண்டு. அதில் இல்லாத விமானங்களை ஆர்வக்கோளாறு பிடித்தவர்கள் தாங்களே வடிவமைத்துச் சேர்ப்பார்கள். அக்கா எடுத்துக்கொண்டது மாமா வேலை பார்த்த அலிஸே என்ற விமானம். பிரெஞ்சுக்காரர்கள் செய்து நம் கடற்படை வாங்கியது. மூக்கில் காற்றாடி. கப்பலில் இடம் போதாது என்று றெக்கையை மடித்துக்கொண்டு நிற்கும். இப்போது எங்கும் பறப்பதில்லை.

“றெக்கைய மடிக்குமா? இன்னா அது, கோழியா?” என்று நைனா, அதான் எங்கள் அப்பா, கேட்டார். அந்தக் கோபத்திலேயே அக்கா இரண்டு வருடம் உட்கார்ந்து, ஆணி ஆணியாக அதைச் செய்து முடித்தாள்.

பறந்தது. அழகாகப் பறந்தது. ஆனால் இறங்கவில்லை. கப்பலின் மேல்தளத்தில் குறுக்கே இரும்புக் கயிறுகள் கட்டியிருக்கும். விமானத்தின் வாலடியில் தொங்கும் கொக்கி அதில் மாட்டினால் சட்டென்று நிற்கும். அக்காவின் விமானமோ தளத்தைத் தொட்டவுடன் காற்றாடி இடித்து நொறுங்கும். நூறு முறை இறக்கியிருப்பாள், நூறு முறையும் நொறுங்கியது. தன் கைதான் சரியில்லை என்று நினைத்து அழுவாள். ஞாயிற்றுக்கிழமை வரும் மாமாவிடம், “நீங்களே ஒருவாட்டி எறக்கிக் காட்டுங்க மாமா” என்பாள். மாமா அந்தச் சின்னத் திரையைத் தூரத்திலிருந்தே பார்த்து, “நல்லாத்தான் கீது. கையெல்லாம் கிரீஸுமா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்.

இதற்கு நடுவில்தான் என் வாய் சும்மா இருக்காமல் போனது. என் வகுப்பில் ஒருத்தியின் சித்தப்பா ரேணிகுண்டா ஏர்போர்ட்டில் வேலை பார்த்தார். தினமும் அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது. என் மாமா கப்பல்மேலேயே விமானம் இறக்குவார் என்றேன். “ஷிப் மீத ப்ளேன் எலா திகுதுந்தி? அபத்தம்” என்றாள். கப்பல் மேல் எப்படி இறங்கும், பொய் என்று. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக புரொஜெக்டர் வந்திருந்தது. அறிவியல் கண்காட்சியில் அதில் எதைக் காட்டலாம் என்று ஹெட்மாஸ்டர் தேடிக்கொண்டிருந்தார். நான் நேரே அவர் அறைக்குப் போய், எங்கள் மாமா வந்து காட்டுவார் என்று சொல்லிவிட்டேன். மாமாவிடம் சொன்னது அதற்குப் பிறகுதான். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். சரி என்றார். ஏன் சரி என்றார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கண்காட்சி அன்று மாமா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். ஹாலில் இருநூறு பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். அக்கா லேப்டாப்பை இணைத்ததும், சுண்ணாம்பு அடித்த சுவர் முழுவதும் கடல் வந்தது. ஹெட்மாஸ்டர் நாற்காலியைத் துடைத்து, “ரண்டி பைலட்காரு, கூர்ச்சோண்டி” என்று மாமாவை உட்காரவைத்தார். நான் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பார்வைக்கு என்னை இரண்டு அறை விடலாம்.

மாமா ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். கியர் மாற்றுவதுபோல் ஒரு இழு இழுத்தார். விமானம் தலைகீழாகக் கவிழ்ந்து, கப்பலை ஒரு சுற்றுகூடச் சுற்றாமல் கடலுக்குள் போய்விட்டது. ஹால் முழுவதும் ஒரே சிரிப்பு. மாமா எழுந்தார்.

“நேனு பைலட் காது சார். மெக்கானிக். ப்ளேன் கிந்த நா பனி” என்றார். பைலட் இல்லை, விமானத்துக்கு அடியில்தான் என் வேலை என்று. குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. நாளையிலிருந்து இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வர முடியாது, நகரியிலோ நாராயணவனத்திலோ சேர்த்துவிடச் சொல்ல வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா பதற்றத்தில் எதையோ தட்டினாள். விமானம் மறுபடியும் கப்பல் தளத்தில் வந்து நின்றது. சுவரில் அது ஒரு வேன் அளவுக்கு இருந்தது. மாமா அதையே பார்த்தார். பிறகு சுவரை நோக்கி நடந்து, மூக்குக்கு அடியில் குந்தி உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். அவர் நிழல் விமானத்தின்மேல் விழுந்தது.

“இது இன்னாமா, மண்டி போட்டுக்கினு கீது?”

“எது மாமா?”

“முன்காலு. இங்க ராடு பளபளன்னு தெரியணும், நாலு விரலு.” கையைச் சுவரில் வைத்துக் காட்டினார். “தெனம் காலையில இப்டி கைய வச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்புவோம். இதுல காத்தே இல்ல. மூக்கு தொங்கினா காத்தாடி இடிக்காம இன்னா பண்ணும்?”

“போட்டோவுல இப்டித்தான் மாமா இருந்திச்சு.”

“எந்த போட்டோ? பொம்ம மாதிரி நிக்க வச்சுக்கிறாங்களே, அதுவா? அதுக்கு எவன் காத்து அடிப்பான்?”

அக்கா வாயைப் பிளந்தாள். அவள் பார்த்துச் செய்த படங்கள் எல்லாமே வருஷக்கணக்காகக் காட்சிக்கு நிறுத்திவைத்த விமானத்தின் படங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் காலுக்குள் அடைத்திருந்த காற்று இறங்கி, ராடு உள்ளே போய், அது குனிந்து நின்றதை அப்படியே அளந்து செய்திருக்கிறாள். காற்றாடி இடித்ததற்கு அவள் கை காரணமே இல்லை.

“நாலு விரல்னா எத்தினி சென்டிமீட்டர்?” என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்துக்கொண்டு, அவமானத்தோடு அவமானமாக எல்லோர் முன்னாலும் நடந்து போனேன். மாமா நாலு விரலையும் சேர்த்து நீட்டினார். நகத்தோரம் எல்லாம் கறுப்பு. விரல்களுக்குக் குறுக்கே ஸ்கேலை வைத்து, ஏழரை என்று படித்துச் சொன்னேன். “எட்டுன்னு போடு. அப்ப இள வயசு, ஆனா வெரலு இதேதான். அரை கூட இருந்தா தப்பில்ல” என்றார். அக்கா ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து ஒரு எண்ணை அழித்து வேறொன்றை எழுதினாள். விமானம் மூக்கை நிமிர்த்தி நின்றது. மாமா மறுபடியும் சுவரில் விரல் வைத்துப் பார்த்துத் தலையாட்டினார்.

இந்த முறை அக்கா உட்கார்ந்தாள். விமானம் கிளம்பி, வட்டமடித்து, கப்பலின் பின்பக்கமாக வந்தது. கப்பல் தீப்பெட்டி அளவில் இருந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. கொக்கி இறங்கியது. சக்கரம் தொட்டது. காற்றாடி இடிக்கவில்லை. கொக்கி கயிற்றைக் கவ்வி இழுத்து, விமானம் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

ஹாலே எழுந்துவிட்டது. ஹெட்மாஸ்டர் சின்னப் பிள்ளைபோல் கை தட்டினார். அந்தப் பெண் ஓரத்தில் கிடந்த பெஞ்சுமேல் ஏறி விசிலே அடித்தாள். அக்கா அழுதாள், சிரித்தாள், என்னைத் தூக்கிச் சுற்றினாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் அதற்கு முன்னால் இல்லை; பின்னாலும் ஒன்றிரண்டுதான். அடுத்த மாதம் அக்கா அந்த விமானத்தை இணையத்தில் எல்லோருக்கும் கொடுத்தாள். ஊர் பேர் தெரியாத நாடுகளிலிருந்து, நிறம் சரியில்லை, சத்தம் சரியில்லை என்று எத்தனையோ கடிதம் வந்தது. முன்காலைப் பற்றி மட்டும் ஒரு குறை வந்ததில்லை.

கைதட்டல் ஓயாத அந்த நேரத்தில், கை தட்டாமல் நின்றவர் மாமா ஒருவர்தான். சுவர் ஓரமாக நின்று விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

“மூணு பேரும் இன்னும் எறங்கலியே” என்றார்.

“எந்த மூணு பேரு?”

“பைலட்டு ஒருத்தரு, கூட ரெண்டு பேரு. மூணு சீட்டு இதுல.”

“அய்ய, உள்ள யாருமே இல்ல மாமா. கம்ப்யூட்டர் அது” என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவிடமும் சொன்னேன். அவளும் சிரித்தாள். மாமாவும், “ஆமால்ல” என்று சிரித்துவிட்டார். ஆனாலும் நகரவில்லை. அக்கா ஒரு பொத்தானை அழுத்தி மேல்கண்ணாடியைத் திறந்து, காலியாக இருந்த மூன்று இருக்கைகளையும் காட்டிய பிறகுதான், நாற்காலியில் வந்து உட்கார்ந்து டீ கேட்டார்.

மாமாவுக்குக் கம்ப்யூட்டர் புரியவில்லை என்று அன்று வீடு போகும் வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். தினம் காலையில் விரல் வைத்துப் பார்த்து அனுப்பியவருக்கு, ஏறிப்போன மூன்று பேரும் தளத்தில் கால் வைத்தால்தான் அன்றைய வேலை முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.