பல்லுக்கொழுக்கட்டை நாளில் ஒரு கடைவாய்ப்பல்

அக்காவின் வீட்டில் பல்லுக்கு மிகுந்த மரியாதை உண்டு. அது ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது ஒருமுறை கொண்டாடப்படும். அதன் பிறகு அது தன்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்காவின் கைக்குழந்தையான என் பெறாமகனின் கீழீறில் வெள்ளைப் பொட்டொன்று தெரிந்த காலை, அம்மா தேநீர்க் கரண்டியை எடுத்து அதில் மெல்லத் தட்டினார். ‘கிணுங்’ என்றது. அந்தச் சத்தம் மதியத்துக்குள் இலண்டனிலிருக்கும் உறவினர்வரை கேட்டுவிட்டது. அக்காவின் கணவரான அத்தானுக்கு அக்கா முறையானவர் கனடாவிலிருந்து விடுமுறையில் வந்து எங்களோடுதான் தங்கியிருந்தார். பிள்ளைகளின் முறையைப் பின்பற்றி நாங்களும் அவரை மாமி என்றே அழைப்போம். அவர் திரும்பிப் போவதற்கு முன் ஒரு நல்லநாள் பார்க்கப்பட்டது. வியாழக்கிழமை என்று முடிவாயிற்று.

சாவகச்சேரியில் இருக்கும் இந்த வீடு அக்காவுக்குச் சீதனமாகக் கொடுக்கப்பட்டது. அம்மாவும் நானும் அதன் பின்னறையில் இருக்கிறோம். நான் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிக்கிறேன். ஆகவே வீட்டு விவகாரங்களில் எனக்குச் செவி உண்டு, வாய் இல்லை என்பது பொதுவான புரிதல்.

பல் முளைத்த குழந்தையை வெள்ளைத் துணியில் இருத்தி, தலைக்கு மேலே கொழுக்கட்டை கொட்டுவது எங்கள் வழக்கம். கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளை, அதாவது தேங்காய்ச் சில்லுகளை, பல்லைப்போல் நறுக்கிக் குத்துவோம். அதே ஒழுங்கில், அதே வெண்மையில் குழந்தைக்குப் பற்கள் வரும் என்பது நம்பிக்கை. இதற்கு அரிசிமாவும் பயறும் சர்க்கரையும் தேங்காயும் போதும் என்று நினைத்திருந்தேன். போதாதாம். பின்திரை வேண்டும். பலூன் வளைவு வேண்டும். ஒருவர் படம் எடுக்க, ஒருவர் வீடியோ எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேக் வேண்டும், அதுவும் இரண்டு வேருள்ள கடைவாய்ப்பல்லின் வடிவத்தில், தடித்த வெள்ளை ஐசிங் பூசி. சீனியாலேயே ஒரு பல்லைச் செய்து அதைக் கொண்டாட்டத்தின் நடுவில் நிறுத்திய அந்த ஒளிவுமறைவின்மையை நான் இன்றும் பாராட்டுகிறேன்.

அந்த வீட்டில் இன்னொரு வாயும் இருந்தது.

அக்காவின் மூத்தவளான பெறாமகளுக்கு ஆறரை வயது. அவளுடைய மேல் முன்பற்கள் வறுத்த புளியங்கொட்டையின் நிறத்தை அடைந்திருந்தன. சில காலமாக அவள் எதையும் வலப்பக்கத்தால் மட்டுமே மென்றாள். அவளுக்குச் சோறூட்டும் முறை விஞ்ஞானபூர்வமானது. கைபேசியில் கார்ட்டூன் ஓடத் தொடங்கியதும் வாய் தானாகத் திறக்கும். திறந்த கணத்தில் கவளத்தை உள்ளே தள்ள வேண்டும். அவள் அதை விழுங்காமல் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டால் சொக்லேட் காட்டப்படும். கவளத்தில் கீரை இருந்தால் சொக்லேட் பெரிதாக இருக்கும். இந்த ஏற்பாட்டின் பயனாக, “என்ரை பிள்ளை கீரையெல்லாம் சாப்பிடுவாள்” என்று அக்கா அயலில் சொல்லிக்கொள்ள முடிந்தது. படுக்கப் போகும்போது சீனி போட்ட பால். அது முன்பு போத்தலில் வந்தது, இப்போது கோப்பையில் வருகிறது; சீனி மாறவில்லை. காலையில் பிரஷ் முழுவதும் நீளத்துக்குப் பற்பசை பிதுக்கிக் கொடுப்பார்கள். அது ஸ்ட்ரோபரி மணம் உள்ளது. அவள் கிணற்றடிக்குப் போய் அதைத் தின்றுவிட்டு வருவாள். “பல்லு மினுக்கியாச்சோ?” என்று கேட்டால், “ஓம்” என்பாள். அவ்வளவில் அன்றைய சுகாதாரம் முடிந்தது.

விழாவுக்கு முந்திய வாரம் அவளைப் பாடசாலையிலிருந்து கூட்டிவர நான் போயிருந்தேன். அன்று பிள்ளைகளின் பற்களைப் பரிசோதிக்க ஒரு பெண் வைத்தியர் வந்திருந்தார். என்னைக் கண்டதும் அழைத்தார்.

“நீங்கள் ஆர், அம்மாவோ?”

“இல்லை, சித்தி.”

“அப்ப அம்மாவிட்டைச் சொல்லுங்கோ. இடப்பக்கம், கீழை, எல்லாப் பல்லுக்கும் பின்னாலை ஒரு புதுப்பல்லு முளைச்சிருக்கு. அது பால்பல்லில்லை, சீவியம் முழுக்க இருக்கிற பல்லு. அதுக்குள்ளை இப்பவே சின்ன ஓட்டை ஒண்டு விழுந்திட்டுது. வாற வியாழனும் நான் இஞ்சை பள்ளிக்கூடத்துக்கு வருவன், கூட்டிக்கொண்டு வாங்கோ, அடைச்சுவிடுறன். விட்டால் வேருக்குப் போயிடும், பிறகு பிடுங்கத்தான் வேணும். பிடுங்கினால் வேறை முளைக்காது.”

வாய் இல்லாதவள் என்றாலும், அன்று பகல் சாப்பாட்டின்போது நான் இதை வரி பிசகாமல் வீட்டில் சொன்னேன். சபை என் கூற்றை மூன்று கோணங்களில் ஆராய்ந்தது.

“உதென்ன கதை? பிள்ளைக்கு இன்னும் ஒரு பல்லும் விழேல்லை. விழாமல் எப்பிடிப் புதுப்பல்லு வரும்? இடம் வேண்டாமே?” என்றார் அம்மா.

அத்தான் தனியார் கல்வி நிலையத்தில் விஞ்ஞானம் கற்பிக்கிறார். பல்லின் குறுக்குவெட்டு முகத்தை வண்ணச் சுண்ணக்கட்டிகளால் அவர் கரும்பலகையில் வரைந்தால், மாணவர்கள் அதை அழிக்க மனமில்லாமல் படம் எடுத்துக்கொள்வார்களாம். அவர் குழம்பைச் சோற்றில் விட்டபடி சொன்னார்: “பால்பல்லு விழுந்த இடத்திலைதான் நிரந்தரப் பல்லு வரும். பத்தாம் ஆண்டுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.”

“இது பால்பல்லே இல்லாத இடத்திலை, கடைசியிலை முளைக்கிறதாம், அத்தான். வாயைத் திறக்கச் சொல்லி ஒருக்கால் பாருங்கோவன்.”

“உமக்கு இலக்கியம்தானே பாடம்?”

மாமிக்கு வேறொரு கவலை இருந்தது. “நான் கொண்டந்த சொக்லேட்டாலை வந்திராது, கண்டியளோ. அங்கத்தைச் சீனி வேறை. என்ரை பிள்ளையளின்ரை பல்லைப் பாருங்கோ, முத்து மாதிரி.” தம் பிள்ளைகள் தவணை தவறாமல் பல் வைத்தியரிடம் போகிறார்கள் என்று அவரே முதல்நாள் பெருமையாகச் சொல்லியிருந்தார். இரண்டு செய்திகளும் ஒரே வாயில் சண்டையின்றிக் குடியிருந்தன.

தீர்ப்பை அக்கா வழங்கினாள். “வியாழக்கிழமை எப்பிடியடி ஏலும்? ஒரு பிள்ளையின்ரை பல்லுக்குக் கொழுக்கட்டை கொட்டுற நாளிலை, மற்றப் பிள்ளையின்ரை பல்லிலை மெசின் வைக்கிறதே? தரித்திரம். மாமி போனாப்பிறகு பாப்பம்.”

மாமி போவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. ஓட்டைக்கு அந்தப் பயணத் திகதி தெரியாது என்பதை நான் சொல்லவில்லை. பயன் இல்லாத வாக்கியங்களைச் செலவிடுவது எனக்குப் பழக்கமில்லை.

புதன்கிழமை பின்னேரம் தேங்காய்ச் சொட்டுகளைப் பல்லாக நறுக்கும் வேலை எனக்கு வந்தது. ‘பிள்ளைக்குக் கை நுணுக்கம்’ என்று அம்மா பாராட்டினார். வெட்டும்பல், வேட்டைப்பல், அரைக்கும்பல் என்று வேறுபாடு காட்டி நறுக்கினேன். பெறாமகள் என் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தாள்.

“சித்தி, இது எல்லாம் தம்பியின்ரை ஒரு பல்லுக்கோ?”

“ஓம்.”

“எனக்கும் புதுப்பல்லு வந்திருக்கெண்டு டொக்டர் மிஸ் சொன்னவதானே. அதுக்கு எப்ப?”

நான் கத்தியைக் கீழே வைத்தேன். நறுக்கியவற்றுள் மிகப் பெரிய அரைக்கும்பல்லை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன்.

வியாழக்கிழமை வந்தது. குழந்தைக்குப் பட்டு வேட்டி. பெறாமகளுக்குக் கனடாவிலிருந்து வந்த வெள்ளைச் சட்டை. அவளுக்கு வேறொரு பயிற்சியும் அளிக்கப்பட்டிருந்தது. படம் எடுப்பவரிடம் அக்கா குரலைத் தாழ்த்தி விடயத்தைச் சொல்லிவைத்ததால், அவர் ஒவ்வொரு படத்துக்கும் முன்னர் தவறாமல் நினைவூட்டினார்: “அக்காப்பிள்ளை, வாயை மூடிச் சிரியுங்கோ. ஆ, அப்பிடித்தான். இன்னும் இறுக்கி மூடுங்கோ.” பல்லைக் கொண்டாடும் சபையில், வீட்டின் இரண்டு குழந்தைகளுள் அதிகப் பற்கள் கொண்டது உதட்டைப் பூட்டிக்கொண்டு நின்றது.

கொழுக்கட்டை கொட்டப்பட்டது. குழந்தை வீரிட்டழுதது. வருங்காலத் தொழிலை அறிவதற்காகப் பொருட்கள் வைத்த தட்டு முன்னே நகர்த்தப்பட்டது. புத்தகம், பேனா, தங்கச் சங்கிலி என எல்லாம் இருந்தன. ஆனால் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது விளையாட்டு ஸ்டெதஸ்கோப் மட்டும். குழந்தை அதைப் பிடித்தது. “டொக்டர்! டொக்டர்!” என்று ஆரவாரம் எழுந்தது. டொக்டர் ஒருவர் அந்த நாளைக் குறித்துக் கொடுத்திருந்தார் என்பது அந்தக் கைதட்டலில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

பிறகு கேக் வெட்டப்பட்டது. வேர்ப்பக்கத்தில் ஒரு பெரிய துண்டை அக்கா மகளின் வாயில் வைத்தாள். அவசரத்தில் அது இடப்பக்கம் போய்விட்டது.

அவள் கத்தவில்லை. சொல்லிக்கொடுத்தபடி வாயை மூடியே வைத்திருந்தாள். கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கியது. “அழக்கூடாது, குட்டி, கமெராவைப் பார்த்துச் சிரியுங்கோ” என்றார் படம் எடுப்பவர். இலண்டன் உறவினர்கள் கைபேசித் திரைக்குள்ளிருந்து, “மூத்தவள் ஏன் அழுகிறாள்? தம்பிக்குச் செய்யிறதெண்டு எரிச்சலோ?” என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் பூட்டை உடைத்தது. அவள் கேக்கை வெள்ளைச் சட்டையின் மேல் துப்பினாள். கைபேசிக்கு நேரே போய் நின்று வாயை அகலத் திறந்தாள். விரலை உள்ளே விட்டுக் காட்டினாள்.

“எனக்கும் புதுப்பல்லு வந்தது! அதிலை ஓட்டை! அது நோகுது! எனக்கு ஒருத்தரும் கொழுக்கட்டை கொட்டேல்லை!”

புளியங்கொட்டைகள் அனைத்தும் இலண்டனுக்குத் தெரிந்தன.

வந்திருந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எதிர்வீட்டு அன்ரி கைபேசி வெளிச்சத்தைப் பிள்ளையின் வாய்க்குள் அடித்தார். “ஐயோ, இது பால்பல்லில்லையே! என்ரை மகளுக்கும் உதைத்தான் பால்பல்லெண்டு நினைச்சு விட்டு, கடைசியிலை பிடுங்கினது. இப்ப பக்கத்துப் பல்லு அங்கை சரிஞ்சு வருது.” அவர் நிமிர்ந்து, தேவையானதற்குச் சற்று மேலாகவே குரலை உயர்த்தினார்: “உங்களுக்குத் தெரியாமல் போகுமே? வாத்தியாற்றை பிள்ளையல்லோ!”

வைத்தியரின் அறிவுரையால் ஆகாதது, என் வாசகத்தால் ஆகாதது, அந்த ஒரு வரியால் ஆயிற்று. எங்கள் ஊரில் நோயைச் சில காலம் சகித்துக்கொள்ளலாம். அதைப் பற்றி அயல் கதைப்பதைச் சகிக்க முடியாது. அத்தான் மோட்டார் சைக்கிள் திறப்பைத் தேடினார். “இப்பவே கொண்டு போங்கோ! நான் அப்பவே சொன்னனான்” என்றார் மாமி. அவர் எப்போது சொன்னார் என்று எவரும் கேட்கவில்லை.

பாடசாலை முடிந்து அந்தப் பெண் வைத்தியரும் போயிருந்தார். ஆகவே நகரில் தனியாகப் பல் வைத்தியம் பார்க்கும் ஒருவரிடம் போனோம். அத்தானும் பெறாமகளும் முன்னே. பட்டுச் சேலையோடு அக்காவும் நானும் ஓட்டோவில் பின்னே. வைத்தியர் நடுத்தர வயதினர், முகத்தில் சிரிப்பில்லாதவர். நாற்காலியில் இருத்தியதும், பெறாமகள் கேட்கும் முன்பே வாயைத் திறந்தாள். அன்று அவளுக்குத் திறந்து பழகிவிட்டது. வைத்தியர் நெடுநேரம் பார்த்தார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அவளுடைய வளையல்கள் என் மணிக்கட்டை அழுத்தின. அந்தப் பிடியில் அவளுடைய பயம் எனக்குத் தெரிந்தது. அதை நான் கேலி செய்ய மாட்டேன்.

“பிடுங்கத் தேவையில்லை. அடைக்கலாம்,” என்றார் வைத்தியர். “இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அடைக்க இடம் இருந்திராது.”

அடைத்து முடித்ததும் அவர் கைகளைக் கழுவியபடி கேட்டார்: “ஆர் இவவுக்குப் பல்லு மினுக்கிவிடுறது?”

“அவள் தானே மினுக்குவாள், டொக்டர். நல்ல கெட்டிக்காரி,” என்றாள் அக்கா.

“இந்த வயதிலை பிள்ளை தானே மினுக்கினால் பற்பசைதான் முடியும். காலையிலை ஒருக்கால், படுக்க முன்னம் ஒருக்கால், பெரியாக்கள் ஒராள் நிண்டு செய்யவேணும். மினுக்கினாப்பிறகு தண்ணியைத் தவிர ஒண்டும் இல்லை. பாலும் இல்லை. இனிப்பைச் சாப்பாட்டோடை ஒருக்கால் குடுங்கோ. நாள் முழுக்கச் சூப்பிக்கொண்டிருந்தால் நான் அடைச்சது நிக்காது. அப்ப ஆர் செய்வியள்?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். வைத்தியர் அத்தானைப் பார்த்தார்.

“நீங்கள் என்ன வேலை, சேர்?”

“விஞ்ஞானம்... படிப்பிக்கிறன்.”

“நல்லதாப் போச்சு.”

அதற்குப் பிந்திய நாட்களில் எங்கள் வீடு துக்கவீடுபோல் இருந்தது. சொக்லேட் பைகள் அலுமாரியின் உச்சிக்குப் போயின. அவை குறைந்துகொண்டே வந்தன. பெரியவர்கள் எவரும் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. கைபேசி இல்லாமல் சோறு வைத்த முதல் நாள் பெறாமகள் ஒரு கவளமும் தொடவில்லை. அம்மா பஞ்சம் வந்ததுபோல் வாசலுக்கும் குசினிக்கும் நடந்தார். “பிள்ளை வெறுவயித்தோடை கிடக்குது, ஒரு துண்டு குடுத்தால் என்ன?” என்று கெஞ்சினார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு மறுத்தாள். அடுத்த நாள் பின்னேரம் பெறாமகள் தானாகக் குசினிக்கு வந்து, மத்தியானப் பிட்டு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். முருங்கையிலை வறையோடு, இரு பக்கத்தாலும் மென்று சாப்பிட்டாள். அந்த நிகழ்ச்சிக்குக் கமெராக்காரர் யாரும் அழைக்கப்படவில்லை.

அத்தான் தம் கடமையை முதலில் கௌரவக் குறைவாகவே எடுத்துக்கொண்டார். பின்னேர வகுப்பு முடிந்து வந்து, சேட்டுக் கையை மடித்துக்கொண்டு, தண்டனை பெற்ற மாணவனைப்போல் கிணற்றடியில் நிற்பார். மகளின் நாடியை நிமிர்த்திப் பிடித்து, முன்பற்களை மட்டும் பக்குவமாகத் தேய்ப்பார். ஒரு மாலை நான் துணி எடுக்கப் போனபோது அவள் அவரைக் கண்டித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, உது விழுகிற பல்லு. பின்னுக்குப் போங்கோ.”

“இவ்வளவு பின்னுக்கோ?”

“இன்னும் பின்னுக்கு. டொக்டர் அடைச்ச இடத்துக்கு.”

அத்தான் கைபேசி விளக்கை ஏற்றி, குனிந்து, மகளின் வாய்க்குள் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அக்காவைக் கூப்பிட்டார். அந்தக் குரலில் வகுப்பறை இருக்கவில்லை.

“இஞ்சை ஒருக்கால் வாருமப்பா. வலப்பக்கமும் ஒண்டு வெளிக்கிடுது.”

“ஓட்டையோ?” என்று அக்கா உள்ளேயிருந்து அலறினாள்.

“இல்லை. புதுப்பல்லு, இப்பதான் வருது. பழுது ஒண்டும் படேல்லை.” அவர் பிரஷ்ஷைத் திரும்ப நனைத்தார். “ஆடாமல் நில்லுங்கோ, பிள்ளை. இன்னும் பெரிசாத் திறவுங்கோ.”