தில்லையம்மாள் சுற்றிய பிக்கப்

இப்போதெல்லாம் யாருக்கும் எதையும் முழுசாகக் கேட்கப் பொறுமை இல்லை. நடந்ததைச் சொன்னால் பாதியிலேயே போனை நோண்டிக்கொண்டு, "பெருசு கதை விடுது" என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கதை கட்டத் தெரியாது. போன மாசியில், காஞ்சிபுரம் செவிலிமேட்டில், பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது.

நான் முனுசாமி. கச்சேரிக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவன். அதன் தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தக் கட்டை இருக்கும். பிக்கப் என்பார்கள். முடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை அதில் சுற்றியிருப்பார்கள். தந்தியின் அதிர்வை ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுபோவது அதுதான். என்னுடையது செத்துப்போய்விட்டது. அன்று சாயங்காலம் கூரத்தில் கச்சேரி. குழு நடத்தும் சிட்டிபாபு என் முகத்தைப் பார்க்காமலே பேசினான்.

"பேஸ் இல்லன்னா இன்னாபா? கீபோர்டுலயே இடது கையால தட்டிக்கலாம். நீ வீட்ல ரெஸ்ட் எடு."

இனிமேல் வராதே என்று அர்த்தம். எனக்கா புரியாது?

மைக்செட் ரிப்பேர் பார்க்கும் மாணிக்கவேல் கடைக்குப் போனேன். மேஜையில் இரண்டு பிக்கப் வைத்தான். ஒன்று ஆன்லைனில் வந்த புதுசு. இன்னொன்று கறுப்பு மூடி போட்ட பழசு.

"பழசு தில்லையம்மாள் சுத்தினதுண்ணா. தறிக்காரங்களுக்கு ராட்டையில குச்சி மேல பட்டு நூல் சுத்தித் தார் போடற அம்மா. செம்புக் கம்பியும் அதே ராட்டையிலதான். பாதித் தார்ல எழுந்திருக்கவே மாட்டாங்க. போன மாசம் தவறிட்டாங்க."

"செத்தவங்க சாமானை என் தலையில கட்டறியா?"

"ரெண்டையும் மாட்டிப் பாருண்ணா. காது உன்னுது."

அவன் டீ குடிக்கப் போனான். நானே ஈயம் பற்றவைத்தேன். புதுசு தகரத்தைத் தட்டுவது போல் இருந்தது. பழசை மாட்டினேன். ஒரே தட்டு. நெஞ்சுக்குள் இறங்கியது. இதுதான் என்று முடிவு செய்து, தந்திகளை உள்ளங்கையால் அடக்கினேன்.

சத்தம் அடங்கவில்லை.

கிர்ர்ர்...

காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு அது தெரியாமல் போகாது. ராட்டை சுற்றும் சத்தம். ஆம்ப்ளிஃபயர் ஒயரைப் பிடுங்கினேன்.

கிர்ர்ர்... நின்றது. யாரோ "ச்சு" கொட்டினார்கள். இழை அறுந்தால் கொட்டுவார்களே, அப்படி. மறுபடியும்... கிர்ர்ர்.

மணி மூன்று. கரண்ட் போனது. ஃபேன் நின்றது.

அது நிற்கவில்லை.

என் மடியிலிருந்து வந்தது.

 எனக்குக் கோபம் வந்தது.

"இந்தாம்மா," என்றேன். "பாதியில எழுந்திருக்கிற பழக்கம் எனக்கும் இல்ல. சீக்கிரம் சுத்தி முடி. கச்சேரிக்குப் போணும்."

கிர்ர்ர்...

டிக். முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்த மாதிரி.

அப்புறம் ஒன்றுமில்லை.

கூரத்தில் அதை வைத்துத்தான் வாசித்தேன். கடைசி வரிசை வரைக்கும் தரை அதிர்ந்தது. சிட்டிபாபுவே கீபோர்டுக்காரனிடம் இடது கையை எடுக்கச் சொன்னான். அடுத்த கச்சேரிக்கும் வரச் சொன்னான். கடைசிப் பாட்டு முடிந்ததும் பிக்கப் செத்தது.

மறுநாள் மாணிக்கவேல் மீட்டர் வைத்தான். முள் அசையவில்லை. மூடியைக் கழற்றினான்.

உள்ளே செம்புக் கம்பியே இல்லை. அரக்குப் பட்டு நூல். ஓர் இழை பிசகாமல் சுற்றியிருந்தது.

"அந்த அம்மா கண்ணு தெரியாம மாத்திச் சுத்தியிருக்கும்," என்றேன்.

அவன் அந்த அம்மாளின் மகள் சந்தியாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

"கறுப்பு மூடியா? அம்மா அதைத் தொடவே இல்லியேண்ணா. நீ குடுத்த அன்னிக்கே படுத்துட்டாங்க. கம்பி சுத்தாத வெறுங்கட்டையாதான் உன் டிராயர்ல கொண்டாந்து வெச்சேன்."

மாணிக்கவேல் போனை வைத்தான். பிக்கப்பைத் தள்ளி வைத்தான்.

"பட்டுல கரண்ட் ஓடாதுண்ணா. நேத்து நீ எப்படி வாசிச்சே?"

"உன் மீட்டர் கெட்டிருக்கும். அந்தப் பொண்ணுக்கு மறதி."

பழசை மேஜையிலேயே விட்டு, புதுசைப் பையில் போட்டுக்கொண்டு, கிட்டாரைத் தோளில் மாட்டி, படியிறங்கி நடந்தேன். பின்னால் கடைக்குள்ளே... கிர்ர்ர் என்றது.

ஃபேனாக இருக்கும். கரண்ட் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.