தாலிக் கயிற்றில் ஊக்குகள்

ஆடிப் பெருக்கு அன்று சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ரிப்பேர் கடையை அப்போதுதான் திறந்திருந்தேன். கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் தம்பி ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். தோளில் நைலான் புடவையால் சுற்றிய நீள மூட்டை.

"அண்ணே, காப்பாத்துங்க. சாயங்காலம் முக்கொம்புல கச்சேரி. நேத்து ஒத்திகையில பட்டுனு ஒரு சத்தம், அதோட செத்துப் போச்சு."

"வேற கீபோர்டு வாங்கி வாசிக்கலாமே?" என்றேன்.

"வாசிக்கலாம்ண்ணே. ஆனா என் டோனெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. நாயனம், உறுமி, பம்பை, எல்லாம் நானா உக்காந்து செஞ்சது. அதுக்காகத்தான் என்னைக் கூப்பிடுறாங்க. அது இல்லன்னா இன்னைக்கே வேற ஆளப் போட்டுருவாங்க."

சொல்லிக்கொண்டே அவர் புடவையை உருவ, சடசடவென்று சத்தம். அவர் கை ரோமம் அப்படியே எழுந்து நின்றது. ஆடிக் காற்று ஈரமே இல்லாமல் அடிக்கும் நாள். அந்த மாதிரி நாளில் நைலானும் உடம்பும் உரசினால் உண்டாகிற மின்சாரம் நமக்குச் சுருக்கென்றுகூடத் தெரியாது. நினைவு வைத்திருக்கும் சிப்புக்கு அதுவே போதும், நாயனமும் உறுமியும் ஒரு நொடியில் போய்விடும். இதை அவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். எனக்கோ புதியவர்களிடம் வாய் வராது. புடவையை மட்டும் பிடுங்கி வெளியே வீசினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நல்ல வேளையாக என் மனைவி வந்துவிட்டாள். காவேரி அம்மா மண்டபப் படித்துறையில் முழுகிவிட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டு, தூக்குவாளியில் எலுமிச்சை சாதத்தோடு நேராகக் கடைக்கு. நான் அஞ்சாவதோடு நின்றவன். அவளும் அப்படித்தான். ஆனால் பொடி வேலைக்கு என்னைவிட அவள் கை நிதானம்.

"தம்பி, அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியிலயே உக்காருங்க. எந்திரிக்காதீங்க, எதையும் தொடாதீங்க. வாசல்ல கெடக்குற நைலான் பொடவ உரசி ஒடம்புல ஏறுன கரன்டு பட்டாலே உள்ள இருக்க டோனெல்லாம் போயிரும். இவரு சொல்ல மாட்டாரு, மனசுக்குள்ளயே வச்சுக்குவாரு."

எங்கள் மேஜைக்கு இரண்டு முனை. ஒரு முனையில் சிப் வேலை. அங்கே உட்காருகிறவர் மணிக்கட்டில் பட்டை மாட்டி, அதன் கம்பியை எர்த்தில் சேர்க்க வேண்டும். உடம்பில் சேருவது உடனுக்குடன் பூமிக்குப் போய்விடும். மறுமுனையில் கரன்ட் வேலை. அங்கே எல்லாம் தலைகீழ். காலுக்கடியில் ரப்பர் விரிப்பு, ஒரு கை முதுகுக்குப் பின்னால். உடம்பு பூமியோடு சேரவே கூடாது. ஒரே மேஜையில் இப்படி இரண்டு சட்டம்.

அவள் பட்டையை மாட்டிக்கொண்டு சிப் இருக்கும் மெயின் போர்டைக் கழற்றி, சிப் வைக்கும் பளபளப்புக் கவரில் பத்திரமாக வைத்தாள். நான் கரன்ட் வாங்கிக் கொடுக்கும் சப்ளை போர்டை எடுத்தேன். பியூஸ் கருகியிருந்தது, டயோடு ஒன்று வெடித்திருந்தது. இரண்டும் கையிருப்பில் இருந்தன. மாற்றி, சோதனைக்காக நடுவில் ஒரு பல்பைக் கோத்து லைன் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு மங்காமல் எரியும். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கியது. ஷார்ட் இல்லை!

"வந்துருச்சா?" என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

மேஜையின் மேல் அப்படியே குனிந்தாள். மணிக்கட்டில் எர்த் பட்டை இன்னும் கழற்றப்படவில்லை. கழுத்திலிருந்து ஈரம் காயாத மஞ்சள் கயிறு முன்னால் ஊஞ்சலாடியது. அதில் தாலியோடு, வீட்டுப் பெண்கள் எல்லாரும் போட்டுவைப்பதுபோல், ஒரு கொத்து ஊக்கு. நேர் கீழே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும் பெரிய கெப்பாசிட்டர். ஒரு ஊக்கு வாய் திறந்து, கயிற்றின் நுனியில் கழலப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏய்! பின்னால போ!"

கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். பிளக்கைப் பிடுங்கினேன். அவள் துள்ளிப் பின்வாங்கினாள். ஊக்கு மேஜை விளிம்பில் பட்டுத் தரையில் விழுந்தது. எதிர் டீக்கடையில் டீ ஆற்றுகிற சத்தம்கூட நின்றுபோயிற்று.

தம்பி எழுந்தேவிட்டார். "அண்ணி, அண்ணன் இப்படியெல்லாம் அதட்டுவாரா?"

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் இவருக்குக் குரல் இருக்குன்னே தெரியுது" என்றாள். சிரித்தாள்.

"பிளக்கத்தான் எடுத்துட்டீங்களே" என்றார் தம்பி. பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே தேங்கி நிற்கும் கரன்ட்டை வடிக்க நான் ஒரு பல்பின் இரண்டு வயரையும் கெப்பாசிட்டர் கால்களில் வைத்தேன். பல்பு மின்னி அணைந்தது. அதைப் பார்த்ததும் அவர் தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தார்.

இப்போது பெரிய சங்கடம். அன்று காலையில்தான் காவேரியில் கட்டிய கயிறு. அதைக் கழற்றி வை என்று எப்படிச் சொல்வது? அதுவும் வேற்று ஆள் முன்னால்? நான் ஊக்கையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்தது. ஊக்குகளை ஒவ்வொன்றாக உருவித் தூக்குவாளி மூடியில் போட்டாள். கயிற்றைச் சுழற்றித் தாலியை முதுகுப் பக்கம் தள்ளி ரவிக்கைக்குள் விட்டாள். பட்டையையும் கழற்றினாள்.

"கழட்டல, திருப்பித்தான் போட்டிருக்கேன். சாமி ஒண்ணும் சொல்லாது. நீங்க வேலையப் பாருங்க."

மறுபடி லைன் கொடுத்து அளந்தேன். வோல்டேஜ் அசையாமல் நின்றது. லைனை எடுத்து, பல்பு வைத்து வடித்த பிறகு அவள் பட்டை மாட்டி மெயின் போர்டைப் பொருத்தினாள். பட்டையைக் கழற்றிவிட்டு நகர்ந்தாள். நான் சுவிட்சைத் தட்டினேன். திரையில் வெளிச்சம்! மூவரும் ஒன்றாக "ஆ!" என்றோம்.

தம்பி கட்டையை அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். முகம் சாம்பலாகிவிட்டது. "போச்சுண்ணே… அந்தப் பொடவைதான்…"

"தம்பி, வால்யூம் அடியில கெடக்கு பாருங்க" என்றாள் அவள்.

ஏற்றினார். நாயனம் கடையை நிரப்பிக்கொண்டு சந்துக்குப் பாய்ந்தது. சாமி ஊர்வலமோ என்று டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு உறுமி, பிறகு பம்பை. ஒன்றுகூடப் போகவில்லை. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசித்தார். நான் என்னை அறியாமல் மேஜையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன்.

பருத்திப் போர்வையில் சுற்றிக் கொடுத்தோம். அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

"இந்தக் குலுக்கல்ல டயோடு தாங்குமாங்க?" என்றாள்.

எனக்கும் அதே கவலைதான். கூட்டம் என்றால் நான் ஒதுங்குகிறவன். அன்று கடை ஷட்டரை இழுத்து மூடி, டெஸ்டரையும் உதிரி பியூஸையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வா, நாமளும் முக்கொம்புக்குப் போவோம்" என்றேன்.