நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மாத்திரை வேண்டாம்

அசோக் நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரிட்டயர் ஆகிற வரைக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தியவன் நான். கதிரியக்கப் பாடம் வந்தால் எனக்குத் தனி உற்சாகம் பிறந்துவிடும். பயத்துக்குக் காரணம் அரைகுறை அறிவுதான் என்று மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லுவேன். அப்பேர்ப்பட்ட ஆசாமியைப் போன வருஷம் ஒரு காலையில், எவனோ மூச்சு வாங்கப் பேசிய வாட்ஸ்அப் குரல் பதிவு ஒன்று ஆட்டோவில் ஏற்றிவிட்டது.

அதற்கு முன்னால் மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தம்பி ஐரோப்பாவில் ஓர் அணு உலைக்குப் பக்கத்து ஊரில் இருக்கிறான். அங்கே விபத்து ஏதாவது நடந்தால் போட்டுக்கொள்ள, அரசாங்கமே வீட்டுக்கு வீடு அயோடின் மாத்திரை கொடுத்து வைத்திருக்கிறது. லீவில் வந்தவன், "அண்ணா, இதையெல்லாம் நீதான் ரசிப்பே" என்று ஓர் அட்டையை என் கையில் வைத்துவிட்டுப் போனான். நான் அதை பீரோவில், என் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அவள் காலமாகிச் சில வருஷம் ஆகிறது. புடவைகளை யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை.

மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு யார் வந்தாலும், காபி குடித்து முடிப்பதற்குள் அந்த அட்டையைக் கொண்டுவந்து காட்டிவிடுவேன். "கழுத்துல தைராய்டு சுரப்பி இருக்கோல்லியோ, அது அயோடினை இழுக்கும். நல்லது கெட்டது பாக்காது. பஸ் நிக்கறதுக்குள்ள ஜன்னல் வழியா கர்ச்சீப் போட்டு சீட் பிடிக்கறோமே, அந்த மாதிரி நல்ல அயோடினை முன்னாடியே உக்கார வெச்சுட்டா, கதிர்வீச்சு அயோடினுக்கு எடம் இருக்காது." அதோடு விடுவேனா? கழுத்துக்கு மட்டும்தான் இந்தப் பாதுகாப்பு, அரசாங்கம் சொன்னால் மட்டுமே போட வேண்டும், குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும்தான் முதல் உரிமை, நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பெரிதாகப் பலனில்லை என்று மீதிப் பாடத்தையும் முடித்த பிறகுதான் அவர்களைச் செருப்பு மாட்ட விடுவேன். கச்சேரி சீசனுக்கு வந்த ஒன்றுவிட்ட அக்கா, "அப்போ உனக்கெதுக்குடா இது?" என்று கேட்டாள். அவளுக்கு இரண்டாவது டம்ளர் காபி தரவில்லை.

எனக்கு ஒரே பெண். கொட்டிவாக்கத்தில் கடலோரம் பிறந்து வளர்ந்த பையனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை கப்பலில் இன்ஜினியர். வருஷத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். வீட்டில் அவருடைய அம்மாதான் எல்லாம். மார்க்கெட்டில் பல வருஷம் மீன் விற்றவர். கொட்டிவாக்கத்தில் அவர் பேசினால் திருவான்மியூரில் கேட்கும். என் பெண்ணுக்கு அப்போது ஒன்பதாம் மாதம்.

தலைப்பிரசவம் பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டில் என்பது ஊருக்கே தெரிந்த வழக்கம். நானும் அதற்குத் தயாரானேன். பின்னறைக்குப் பெயின்ட் அடித்தேன். யூட்யூபைப் பார்த்துப் பத்தியக் குழம்பு வைத்துப் பழகினேன். வாணலிதான் தீய்ந்தது. கடைசியில் அவள் போனில், ரொம்ப மெதுவாகத்தான், "அங்க யாருப்பா இருக்கா?" என்று கேட்டாள். 'நான் இருக்கேனே' என்று சொல்லியிருக்கலாம். "அதுவும் சரிதான்" என்றேன். பிறகு கரண்ட் போய்விட்டது என்று சொல்லி போனை வைத்தேன். செல்போனுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இயற்பியல் வாத்தியாருக்குத் தோன்றவில்லை. அவள் கேட்டது எனக்கு வலித்தது. பெயின்ட் வாசனை போகாத அந்த அறையைச் சாத்தியே வைத்தேன்.

இந்த நிலைமையில்தான் குரல் பதிவு வந்தது. ஈ.சி.ஆரில் தெற்கே போனால் வருகிற அணுமின் நிலையத்தில் ஏதோ கசிவாம், சைரன் ஊதுகிறதாம், ஜனங்களை பஸ்ஸில் ஏற்றுகிறார்களாம். பின்னணியில் சைரன் நிஜமாகவே கேட்டது. எங்கள் ஃப்ளாட்டின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே அமளி. உப்பில் அயோடின் இருக்கிறதே, இரண்டு ஸ்பூன் சாப்பிட்டால் ஆகாதா என்றார் ஒருவர். புண்ணுக்குப் போடுகிற அயோடின் மருந்தைக் கரைத்துக் குடிக்கலாமா என்றார் இன்னொருவர். அவர் பாங்கில் பெரிய அதிகாரியாக இருந்தவர். நான் கொதித்துப் போய் நீளமாக ஒரு பதில் எழுதினேன். உப்பு பத்தாது, மருந்தைக் குடித்தால் விஷம், இருக்கிற இடத்திலேயே இருங்கள், கதவு ஜன்னலைச் சாத்துங்கள், எக்காரணம் கொண்டும் யாரும் வெளியே போகாதீர்கள். செகரட்டரி உடனே கைகூப்பும் படம் போட்டார். என் ஜன்னல்களுக்கு டேப் ஒட்டினேன். பால்கனிக் கதவுக்கடியில் ஈரத்துண்டைத் திணித்தேன். பிறகு பீரோவைத் திறந்து அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டில் செகரட்டரி நின்றுகொண்டிருந்தார். "சார், இப்பத்தானே நீங்க..." என்றார். "விதிவிலக்கு," என்றேன், பரீட்சை ஹாலில் பேசுகிற குரலில்.

மூக்கில் ஈரக் கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்தேன். ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று ஊருக்கு உபதேசம் செய்தவனுக்கு, ஆட்டோவில் ஜன்னலே கிடையாது என்பது அடையாறு பாலத்தின் மேல் காற்று முகத்தில் அறைந்தபோதுதான் உறைத்தது. எதிரே ஊர் வழக்கம்போலப் போய்க்கொண்டிருந்தது. திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தரும் ஓடவில்லை. "பெர்சு, பல்வலியா?" என்று கேட்டார் ஆட்டோக்காரர். நான் கர்ச்சீப்பை இன்னும் இறுக்கிக் கட்டினேன். என் திட்டம் சுலபமானது. பெண்ணை அதே ஆட்டோவில் ஏற்றி மயிலாப்பூருக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அறை தயாராக இருக்கிறது.

வாசலில் சம்பந்தியம்மா மீனை அலசிக்கொண்டிருந்தார். "இன்னா சம்பந்தி, மூஞ்சில துணிய கட்டிக்கினு வர்றீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். என் வாழ்க்கையில் என்னை முழுசாக நம்பிய ஒரே மாணவி அவர்தான். மீனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, பாதியில் இருந்த குழம்பைக் கொதிக்கவிட்டு, வீட்டு ஜன்னல் அத்தனையையும் அடித்துச் சாத்தி, வாசல் கதவுக்கடியில் ஈரத்துண்டைத் திணித்தார். வெளியிலிருந்து வந்தவன் போட்டிருக்கிற துணியைக் கழற்றிப் பையில் கட்ட வேண்டும், குளிக்க வேண்டும் என்பது விதி. நானே சொல்லி நானே மாட்டிக்கொண்டேன். மாத்திரை அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டேன், என் சட்டையும் வேட்டியும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போயின. குளித்துவிட்டு மாப்பிள்ளையின் பூப்போட்ட லுங்கியோடு ஹாலுக்கு வந்தேன்.

என் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். "கிளம்பு," என்றேன். "ஆட்டோ நிக்கறது. நம்மாத்துக்குப் போயிடலாம்."

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "ஏம்ப்பா, கதிர்வீச்சு அடையாறு பாலத்தோட நின்னுடுமா?"

பதில் எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. ஆட்டோவை அனுப்பிவிட்டு, அட்டையை நீட்டினேன். "அரசாங்கம் சொல்லட்டும், போட்டுக்கறேன். நீதானே சொல்லிக் குடுத்தே," என்று அதை மேஜையில் வைத்தாள்.

"எனக்கு ஒண்ணு குடுங்க சம்பந்தி," என்றார் சம்பந்தியம்மா.

"நாற்பது வயசுக்கு மேல இதுல பிரயோஜனமில்லைங்க."

"அப்ப நீங்களும் நானும் இன்னா ஆவறது?"

"சும்மா உக்காந்திருக்கலாம்."

உட்கார்ந்தோம். கதிர்வீச்சு உள்ளே வந்ததா என்று தெரியாது, மீன் குழம்பு வாசனை வெளியே போகவில்லை. பரம்பரையாக வெங்காயத்துக்கே முகம் சுளித்த வீட்டில் பிறந்தவன், ஈரத்துண்டு அடைத்த கதவுக்கு இந்தப் பக்கம் வியர்த்து வழிந்துகொண்டு அந்தக் காற்றை மூச்சாக இழுத்தேன். ஒரு கட்டத்தில் பசிக்கவும் செய்தது.

பிறகு டிவியில் கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு ஓடியது. நடந்தது அவசரகால ஒத்திகை. சைரன், பஸ் எல்லாம் அதன் பகுதிதான். வதந்தியைப் பரப்ப வேண்டாம். சம்பந்தியம்மா கலெக்டரையும் என்னையும் சேர்த்து இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துபோய் ஜன்னல்களைத் திறந்தார். கடல் காற்று உள்ளே வந்தது. ஃப்ளாட் குழுவில் செகரட்டரி, 'சார் எங்கிருந்தாலும் வீடு திரும்பவும்' என்று எழுதியிருந்தார். இதற்குள் ஐம்பது பேர் சிரித்திருந்தார்கள்.

"என் துணிப் பையை எடும்மா. நான் கிளம்பறேன்," என்றேன். பெண்ணை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

அவள் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லு. மாத்திரை உனக்குக் கிடையாது. வெளியில போகக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்னது நீ. கதிர்வீச்சு எந்தப் பக்கத்துலேர்ந்து வரதோ, அதே பக்கமா வந்திருக்கே. பேசாம மயிலாப்பூர்லயே ஜன்னலைச் சாத்திண்டு உக்காந்திருக்கலாமேப்பா."

"அங்க யாரு இருக்கா?" என்றேன்.

அவளுக்குத் திருப்பிக் கொடுக்கிற எண்ணமே எனக்கு இல்லை. கேட்ட கேள்விக்கு இருந்த பதில் அது ஒன்றுதான். சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. சம்பந்தியம்மா அடுப்படியில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

என் பெண் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மெல்ல நடந்து பின்பக்கம் போனாள். பையை அவிழ்த்து, என் வேட்டியையும் சட்டையையும் வாஷிங் மெஷினில் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள்.

"காயறதுக்கு நாளாகும்ப்பா," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

மாடியில் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கடல் காற்று வேறு. ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் என்று எந்த இயற்பியல் வாத்தியாருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.